பெயர்ப்பலகை எழுதுமுன்

புதிதாகக் கடை திறக்கப் புகுவோர் முதன்முதல் நாடிச் செல்வது பெயர்ப்பலகை எழுதுவோரையே. எழுத்துப் பெரிதாயும் வர்ணம் பகட்டாயும் அமைந்துவிட்டால் வியாபாரம் தானே பெருகுமென்பது அவர்தம் நம்பிக்கை. உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின், ஊரிலுள்ள சிறு கைத்தொழிலாளர் சிலருக்கு இயன்ற துணை புரிந்து வரும் நாம், பலகை எழுதுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுமாறு அவர்களை வேண்டுவது வழக்கம். விற்கும் பொருளின் சிறப்பு யாது? அதனை வாங்குவோர் யாவர்? எவ்வளவு தூரம் செல்ல விரும்புகின்றோம்?

இவை மேனாட்டு நூல்கள் தந்த புதுமைகள் அல்ல. எம் முன்னோர் திருவிதாங்கூருக்கு அனுப்பிய புகையிலை ‘மலையாளப் புகையிலை’ என்றே வழங்கிற்று. யாழ்ப்பாணத்து மண்ணில் விளைந்த பொருள், அதனை வாங்குவோர் நாட்டின் பெயரைத் தாங்கி நின்றது. நற்பெயரின் வலிமைக்கும் சான்று உண்டு. 1972ஆம் ஆண்டில் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என மாறிய பின்னரும், எமது தேயிலை உலகச் சந்தையில் ‘சிலோன்’ என்னும் பழைய பெயரோடே விலைபோகின்றது.

வடமராட்சியிலே பனங்கட்டி செய்து விற்கும் அம்மையார் ஒருவர் எம்மிடம் வந்தார். சுண்ணாம்பு தடவிய முட்டிகளில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, பனையோலைக் குட்டான்களில் வார்த்து எடுக்கும் பழைய தொழில் அவருடையது. அவரோ ஓலைக் குட்டானை நாகரிகமற்றதெனக் கருதி, பொன்னெழுத்துப் பொறித்த பெட்டியில் ஆங்கிலப் பெயரோடு பனங்கட்டியை அடைத்திருந்தார். பெட்டியின் செலவு ஏறியதேயன்றி விற்பனை ஏறவில்லை.

“யார் வாங்குகின்றார்கள்?” என வினவினோம். “எல்லாரும் வாங்கலாந்தானே ஐயா” என்றார். கணக்குக் கொப்பியை விரித்துப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. வாங்குவோருட் பெரும்பாலார் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் உறவினருக்குப் பொதி அனுப்புவோரே. அவர்கள் தேடுவது பெட்டியை அன்று, ஊரின் மணத்தை. நாகரிகமற்றதென ஒதுக்கப்பட்ட குட்டானே அப்பொருளின் அடையாளம் என்பதை உணர்ந்ததும் அம்மையார் முகம் மலர்ந்தது. கொழும்புக் கடைகள் அனைத்திற்கும் அனுப்பவேண்டுமென்ற ஆசையையும் அளந்து பார்த்தோம். சீவுதொழிலாளர் இருவர் ஏறும் மரங்களின் பதநீர் அத்தனை கடைகளுக்கும் போதாது. ஆகவே பொதி அனுப்புவோருக்குக் குறைவின்றி வழங்குதலே முதல் இலக்கு என முடிவாயிற்று.

பின்னரே இடர்ப்பாடான வினா எழுந்தது. “சலரோகக்காரருக்கு நல்லதென்று போட்டால் இன்னும் விற்குமே, ஐயா?” என்றார். பிள்ளைகள் இருவரின் படிப்பு அத்தொழிலையே நம்பியிருப்பதை நாம் அறிவோம். ஆயினும் அவ்வாறு எழுத நாம் உடன்படவில்லை. பனங்கட்டியிலும் பெரும்பகுதி கரும்புச் சீனியிலுள்ள அதே இனிப்புச் சத்தே. அவ்வாசகத்தை நம்பி உண்ணும் நோயாளிக்குத் தீங்கு நேரின், அப்பழி அவருக்கும் எமக்கும் உரியதாகும். சீனி கலவாமை, காய்ச்சிய திகதி, ஊரின் பெயர் ஆகிய மூன்றையுமே எழுதுமாறு கூறினோம். சிறிது நேரம் மௌனமாயிருந்த அம்மையார், “சரி ஐயா, உள்ளதை எழுதுவம்” என்றார். இன்று அவரிடம் ஒருமுறை வாங்கினவர் மறுமுறையும் வருகின்றனர்.

திருவள்ளுவர் வாணிகத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்துப் பேசியமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது. விளம்பரம் என்பது வாங்குவோருக்கு நாம் அளிக்கும் வாக்குறுதியாகும். நிறைவேற்ற இயலாத வாக்குறுதியைப் பொன்னெழுத்திற் பொறிப்பினும் பயனில்லை.

வர்த்தகம் பயிலும் மாணவத் தம்பிமார் இதனை உளங்கொள்வாராக. விடுமுறை நாட்களில் அயலிலுள்ள சிறு தொழிலாளர் ஒருவரது கணக்குக் கொப்பியை அவரோடிருந்து ஆராய்ந்து உதவுவார்களாயின், கற்ற கல்வி ஊருக்குப் பயன்படும். ஜூபிலி விழாக் காணும் எம் கல்லூரிக்கு நற்பெயர் தேடித் தருவதும் அத்தகைய தொண்டேயாகும்.