வாழப்பாடிக்கு வந்த கூட்டம்

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஆத்தூர் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே பையன் ஆரம்பித்துவிட்டான்.

"அப்பா, நடராஜன் அண்ணன் நம்ம டீம்தானே?"

"இல்லடா, திருப்பூர் டீம்."

"அவரு சேலத்துக்காரருதானே?"

என்னிடம் பதில் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

அது 2024 ஜூலை. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் (டி.என்.பி.எல்) அந்த ஆண்டு சீசன் ஜூலை 5-ம் தேதி தொடங்கியது நம் வாழப்பாடியில்தான். வீட்டிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் மேட்ச் நடக்கும்போது எத்தனை நாள் டி.வி-யிலேயே பார்ப்பது?

பாக்குத் தோப்புக்கு நடுவில் பிளட் லைட்

அயோத்தியாபட்டணம் தாண்டியதும் நகரம் கழன்றுகொள்கிறது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, தென்னை, ஒல்லி ஒல்லியாகப் பாக்கு மரங்கள். வாழப்பாடியில் இறங்கி, காட்டுவேப்பிலைப்பட்டிக்கு ஆட்டோ பிடித்தோம்.

சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் இங்கேதான் இருக்கிறது. 2020 பிப்ரவரியில், அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். ராகுல் திராவிடும் வந்திருந்தார். 2022-ல் டி.என்.பி.எல் இங்கே வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் மலை. வெயில் சாய்ந்து விளக்கு போட்டதும், பச்சை மைதானமும் நீல மலையுமாக அது தரும் அழகை டி.வி-யில் பாதிகூடப் பார்க்க முடியாது.

கேலரியில் பார்த்தவர்கள் சேப்பாக்கத்தில் பார்க்கிற முகங்கள் அல்ல. கைக்குழந்தையோடு குடும்பங்கள். வேட்டி மடித்துக் கட்டிய பெரியவர்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. யார் சிக்ஸர் அடித்தாலும் கை தட்டினார். "எந்த டீம் ஆயா?" என்று பையன் கேட்டான். "நம்மூருக்கு வந்துட்டாங்கல்ல, எல்லாம் நம்ம பசங்கதான் கண்ணு" என்றார்.

பெயர் மாறும், ஊர் மாறாது

பையனின் கேள்வி சும்மா விடவில்லை. லீக் அணிகளின் கதையே அப்படித்தான். இன்றைய சேலம் ஸ்பார்ட்டன்ஸ், முன்பு தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ். 2016-ல், முதல் டி.என்.பி.எல் கோப்பையை வென்ற அணி. 2021-ல் சேலத்தின் பெயர் வந்தது. சின்னப்பம்பட்டி நடராஜனோ 2016-ல் திண்டுக்கல் அணிக்காக யார்க்கர் போட்டுத்தான் கவனம் பெற்றார். ஏலத்தில் யார் எடுக்கிறார்களோ, அந்த ஊருக்கு ஆட வேண்டியதுதான்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கோவை சாட்சி. சென்னை சிட்டி கால்பந்து அணி 2017-18 சீசனில் தன் ஆட்டங்களைக் கோவை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றியது. கால்பந்தா, கோவையிலா என்று கேட்டவர்கள் உண்டு. 2019 மார்ச் 9-ம் தேதி, கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் சாம்பியன் ஆனது அந்த அணி. ஆனால், சில ஆண்டுகளிலேயே அந்தப் பெயர் லீக்கில் இல்லாமல் போனது. கத்திப் பழகிய தொண்டைகள் அங்கேயேதான் இருக்கின்றன. கத்துவதற்குத்தான் அணி இல்லை.

டென்னிஸ் பால் சொல்லும் பாடம்

வாழப்பாடிக்கு லீக் வருவது வருஷத்தில் ஒரு வாரம், பத்து நாள். மீதி நாள்களில் நடக்கும் மாவட்ட டிவிஷன் மேட்ச்களுக்கு யார் போகிறார்கள்? ஆடுகிறவர்களின் அப்பாக்களும், நிழல் தேடி வந்த இரண்டு பேரும்தான்.

அதே நேரம், நம் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட் என்றால் கூட்டம் அள்ளுகிறது. ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு வாரம் முன்பே ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். மைக் பிடிப்பவர், "இப்போது பந்து வீச வருவது மளிகைக்கடைக்காரர் மகன்" என்று ஆளை அடையாளம் காட்டுகிறார். பக்கத்திலேயே தட்டுவடை செட் வண்டி. தெரிந்த பையன் ஆடுகிறான் என்றால் ஊரே வரும்.

இதை நடராஜன் புரிந்துகொண்டிருக்கிறார் என்றே தோன்றுகிறது. டென்னிஸ் பாலில் தொடங்கி, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவ கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர், சம்பாதித்ததில் சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் கட்டினார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அங்கே பழகும் பையன்களில் நாலு பேர் வாழப்பாடியில் ஆடினால், டிவிஷன் மேட்ச் கேலரியும் தானாக நிறையும்.

மேட்ச் முடியும்போது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கையில் பையன் தூக்கக் கலக்கத்தில் கேட்டான். "அப்பா, நான் பெரிய ஆளானா இந்த கிரவுண்டுல ஆடலாமா?"

"ஆடு. அந்த ஆயா கை தட்டுவாங்க" என்றேன்.

நீங்களும் போகலாம்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் பஸ்ஸில் வாழப்பாடியில் இறங்க வேண்டும். இரவு மேட்ச் என்றால், திரும்பி வர வண்டியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பகலிலேயே கிளம்பினால், அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தூரம் போய் புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகனையும் பார்த்துவிடலாம். 146 அடி உயரச் சிலை. நடராஜனின் சின்னப்பம்பட்டி இதற்கு எதிர்த்திசை. சேலத்துக்கு மேற்கே, தாரமங்கலம் பக்கம். அங்கே போகிறவர்கள் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் சிற்பங்களைத் தவறவிடாதீர்கள்.