பூநாரையும் அம்மாவும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மலர்க் குழுவில் இருக்கும் என் தோழி கேட்டபோது, "கவிதை தரட்டுமா?" என்றேன். "அம்மா தாயே! கவிதை மட்டும் வேண்டாம். வந்திருப்பதில் பாதிக்கு மேல் 'நட்பே...' என்றுதான் ஆரம்பிக்கிறது. நீதான் கேமரா வாங்கியிருக்கியே, அதை எழுது" என்றாள். கேமரா வாங்கியதில் எழுத என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், கேமராவை விட அதை வாங்காமல் இழுத்தடித்த மூன்று மாதம் பெரிய கதை என்று தெரிந்தது.

நான் மூன்றாம் ஆண்டு இ.சி.இ. வீடு தூத்துக்குடி முள்ளக்காடு பக்கம். அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை, அப்பா உப்பு மூட்டை ஏற்றும் லோடுமேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகையால் என் கையில் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வீட்டில் நான்கு பேர் கணக்குக் கேட்பார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எனக்கு வந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, சாப்பாடு டிபன் பாக்ஸில். டிராஃப்டர், ரெக்கார்டு நோட்டு போக, போன மாசி மாதம் பாங்க் புத்தகத்தில் 16,500 ரூபாய் நின்றது. அம்மாவைப் பொறுத்தவரை அது டிப்ளமா முடித்து பி.இ. லேட்டரல் என்ட்ரி சேரும்போது எடுக்க வேண்டிய பணம். என்னைப் பொறுத்தவரை அது கேமரா.

ஏன் கேமரா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ரேஷன் கார்டு, ஆதார், என் மார்க் ஷீட் எல்லாவற்றையும் அப்பா தலையில் தூக்கிவைத்துக் காப்பாற்றிவிட்டார். கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்த கல்யாண ஆல்பம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு திறந்தால், பக்கத்தோடு பக்கம் ஒட்டி, பிரித்த இடமெல்லாம் முகம் உரிந்து வந்தது. அம்மாவின் வாலிப முகம் அதோடு போயிற்று. இப்போது அம்மாவுக்கு இருக்கும் போட்டோக்கள் அட்டைகளில் இருப்பவை மட்டும்தான். அவற்றில் அவள் யாரோ மாதிரி இருப்பாள்.

"போன்தான் இருக்கே, எடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். எடுத்தேன். அம்மா வேலை செய்கிற இடத்தில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அளத்து வேலை வெயிலுக்கு முந்திய வேலை. விடியும் முன்னே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிடுவார்கள். போனில் நைட் மோடு என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் வித்தை. அசையாத கோபுரத்துக்கு அது சரி. உப்பு வாருகிற பெண்ணுக்கு அது சரிப்படாது. என் படத்தில் அம்மாவுக்கு மூன்று கை வந்திருந்தது!

எங்கள் வகுப்புத் தோழியின் மாமா ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பழைய கேமராக்கள் வாங்கி விற்பார். அவரிடம் என் பட்ஜெட்டுக்குக் கிட்டத்தில் இரண்டு இருந்தன. ஒன்று கேனான் எஸ்.எக்ஸ் 740 எச்.எஸ்., 16,000 ரூபாய். சட்டைப்பையை விடக் கொஞ்சம்தான் பெரியது, ஆனால் 40 மடங்கு ஜூம். இன்னொன்று கேனான் எம் 200, 15-45 லென்ஸோடு 22,500. மிரர்லெஸ் வகையில் ஆரம்ப மாடல், லென்ஸ் மாற்றிக்கொள்ளலாம், மூலையில் ஒரு கீறல். ஆனால் ஜூம் வெறும் 3 மடங்கு.

கையில் இருப்பது 16,500. முதல் கேமராவை வாங்கினால் மெமரி கார்டுக்கும் பணம் மிஞ்சும். இரண்டாவதை வாங்கினால் 6,000 கடன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்கள் எல்லோரும். எங்கள் வகுப்புப் பையன்கள் 40 எக்ஸ் என்றதும் வாயைப் பிளந்தார்கள். "நிலாவுல உள்ள குழியே தெரியுமாம்!" என்றான் ஒருவன். கடைசி பெஞ்சிலிருந்து போர்டு தெரியாதவனுக்கு நிலாக் குழி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இ.சி.இ. படித்ததற்கு ஒரு பலன் வேண்டாமா? கணக்குப் போட்டேன். ஜூம் கேமராவின் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. எம் 200-இன் சென்சார் 22.3-க்கு 14.9. அது 332 சதுர மி.மீ. கிட்டத்தட்ட 12 மடங்கு. அளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது சட்டென்று புரியும். வானத்தில் ஒரே வெயில்தான், ஆனால் பெரிய பாத்தியில் விழும் வெயிலும் சின்னப் பாத்தியில் விழும் வெயிலும் ஒன்றா? ஜூம் போடாத நிலையில் ஒன்றின் லென்ஸ் எஃப் 3.3, மற்றதன் லென்ஸ் எஃப் 3.5. ஏறக்குறைய சமம். ஆகவே அதே நேரத்தில் பெரிய சென்சாருக்குப் பத்து மடங்குக்கு மேல் வெளிச்சம் சேரும். ஒளித்துகள்களின் இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் போகும் என்பதால், மற்றதெல்லாம் சமம் என்று வைத்துக்கொண்டால் சிக்னல்-நாய்ஸ் விகிதம் மூன்று மடங்குக்கு மேல் நன்றாக வர வேண்டும்.

எதிர்ப்பக்கக் கணக்கையும் போட்டேன், நேர்மை வேண்டுமல்லவா! எம் 200-இன் கிட் லென்ஸ் 72 மி.மீ.க்குச் சமமான இடத்தில் நின்றுவிடும். மற்றது 960 வரை போகும். எம் 200-இல் எடுத்த படத்தை வெட்டி அந்த 960 அளவுக்குக் கொண்டுவந்தால், 6000-க்கு 4000 புள்ளி உள்ள படத்தில் மிஞ்சுவது 450-க்கு 300. அது தபால் தலைக்குத்தான் ஆகும்.

கணக்கு இரண்டு பக்கமும் நியாயம் பேசியது. இப்படியே மூன்று மாதம். மாமா பொறுமை இழந்து, "பிள்ள, ரெண்டையும் ஒரு ராத்திரிக்கு எடுத்துட்டுப் போ. காலையில அளத்துக்குப் போய் எடுத்துப் பாரு. தண்ணியில மட்டும் போட்டுராத, உப்புத் தண்ணி பட்டா தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார். முன்பணம் கேட்கவில்லை. அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்!

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரை மணிக்கு அம்மாவோடு வேனில் ஏறினேன். அத்தைமார்களும் சித்திமார்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன, இன்ஜினியரம்மா உப்பு வார வாராக!" இரண்டு கேமராவையும் பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தேன். திருட்டுப் பொருள் கொண்டுபோகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

இருட்டில் முதலில் ஜூம் கேமரா. திரையில் பார்த்தபோது பரவாயில்லை. பெரிதாக்கினால் அம்மாவின் முகம் ஈரச் சுவரில் வரைந்த சாயம் மாதிரி கரைந்திருந்தது. கொஞ்சம் ஜூம் போட்டுப் பக்கத்தில் இழுக்கலாம் என்றால், ஜூம் ஏற ஏற லென்ஸ் இருளும். கடைசியில் எஃப் 6.9, வெளிச்சம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே.

அடுத்தது எம் 200. இதிலும் அவசரப்பட்டு 45-க்கு ஜூம் செய்து எடுத்த படங்கள் எல்லாம் வீண். அங்கே லென்ஸ் எஃப் 6.3 ஆகிவிடுகிறது. கிட் லென்ஸைப் பற்றி யாரும் இதைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்! பிறகு 15-லேயே வைத்துக்கொண்டு, வரப்பில் நடந்து அம்மாவுக்கு ஆறடி தூரத்துக்கு வந்தேன். நெற்றி டார்ச் தண்ணீரில் பட்டு முகத்துக்கு ஏறியது. கை நீண்ட கம்பைப் பிடித்திருக்கிறது, பின்னால் வெள்ளையாய் உப்பு அம்பாரம், கிழக்கே ஒரு கோடு சிவப்பு. இருட்டு இருட்டாகவே இருந்தது, புள்ளி புள்ளியாக இல்லை. அம்மாவின் கன்னத்தில் காய்ந்த உப்புகூடத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். என் காலைப் பார்க்கவில்லை, வரப்பு சரிந்து ஒரு கால் பாத்தியில் இறங்கிவிட்டது. கேமரா தப்பியது. செருப்பு போயிற்று.

முடிவு ஆயிற்று என்று நினைத்தேன். ஆனால் சூரியன் வந்தான், கூடவே பூநாரைகளும் வந்தன.

தூரத்தில், வேலை நடக்காத பெரிய தேக்கத்தில், முப்பது நாற்பது இருக்கும். எம் 200-இல் எடுத்தால் வெள்ளைத் தாளில் ரோஸ் பொட்டு. ஜூம் கேமராவை எடுத்து முழுசாக இழுத்தேன். அப்பப்பா! கண் தெரிகிறது, வளைந்த அலகின் கறுப்பு முனை தெரிகிறது. டீ குடிக்க வரப்புக்கு வந்த அம்மா, "என்னட்டி பாக்க?" என்று வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் டீயை மறந்துவிட்டாள்.

"ஏட்டி... இது மூக்கத் தலைகீழால்லா வச்சுத் திங்குது!"

ஆமாம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துத்தான் இரையை வடிகட்டும். இருபது வருஷமாக அதே அளத்தில் நிற்கிறாள் அம்மா. தினமும் அந்தப் பறவைகளைப் பார்க்கிறாள். அவை எப்படித் தின்னும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். கேமரா ஒவ்வொரு கையாகப் போயிற்று. மேஸ்திரி சத்தம் போடுகிற வரை யாரும் வேலைக்கு இறங்கவில்லை. எட்டு மணிக்கு மேல் உப்புத் தரையிலிருந்து கானல் எழும்ப ஆரம்பித்ததும் ஜூம் படமும் நெளிய ஆரம்பித்தது. அத்தனை தூரக் காற்றையும் சேர்த்துத்தானே அது எடுக்கிறது!

வீட்டுக்கு வந்ததும் எம் 200-இல் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் கற்பனை. அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "காலை எதுக்குட்டி போட்ட?" என்றாள். உப்பில் வெடித்த கால். அது படத்தில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளே, "அந்தப் பறவை படம் எங்க, அதக் காட்டு" என்றாள்.

இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அம்மாவுக்காக வாங்குவதென்றால் அவள் ஆசைப்பட்டது ஜூம் கேமரா. விலையும் குறைவு, கடனும் இல்லை. எனக்கு வேண்டியதோ மற்றது. அம்மாவுக்காக, அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அது எனக்காகத்தான் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அதுதான் உண்மை. பறவை அடுத்த வருஷமும் வரும். அம்மாவின் இந்த முகம் அடுத்த வருஷம் இப்படியே இருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒரு முகத்தைத் தண்ணீரிடம் கொடுத்த வீடு எங்களுடையது.

எம் 200-ஐ எடுத்துக்கொண்டேன். வாங்குமுன் மாமா ஒன்றை மறைக்காமல் சொன்னார். இந்த எம் வரிசையையே கேனான் நிறுத்திவிட்டது, புதிய ஆர்.எஃப் லென்ஸ்கள் இதில் பொருந்தா, பழைய லென்ஸ்களைத் தேடித்தான் வாங்க வேண்டும் என்று. பழையதில் 22 மி.மீ. எஃப் 2 லென்ஸ் ஒன்று உண்டு. அது கிடைத்தால் இதே இருட்டில் இன்னும் மூன்று மடங்கு வெளிச்சம். அதற்குப் பணம் இப்போதைக்கு இல்லை. கடன் 6,000-ஐ ஞாயிறுகளில் அவர் எடுக்கும் ரிசப்ஷன்களில் இரண்டாவது கேமராவாக நின்று கழித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையில் படுத்தும் பாட்டைத் தனிக் கட்டுரையாக அடுத்த மலருக்குத் தருகிறேன். பி.இ. பணத்துக்கு என்ன வழி என்று அப்பா வாரம் ஒரு முறை கேட்கிறார். கடன் முடிந்ததும் சேர்க்கத் தொடங்குவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் படத்தை 12-க்கு 8 அளவில் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன், காலை வெட்டாமல். அம்மா அதைச் சுவரில் மாட்டவில்லை. உரச் சாக்கின் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைத்து, அதில் சுற்றி, பரணில் என் மார்க் ஷீட் ஃபைலோடு வைத்துவிட்டாள். மழைக்காலத்தில் தண்ணீர் எட்டாத இடம் வீட்டில் அது ஒன்றுதான்.

நேற்றுக்கூட வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி, அந்த மூக்க வளச்சுத் திங்குத பறவை இந்தக் கேமராவுல வரவே வராதா?"

"பக்கத்துல போனா வரும்மா" என்றேன்.

"பக்கத்துல போனா அது பறந்துரும்லா" என்றாள்.