ஒரு மூடி கண்டிஷனரும் பேத்தியின் நாப்பியும்

துணி துவைப்பதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது? சோப்புத் தூளைப் போட்டோமா, பட்டனைத் தட்டினோமா, மெஷின் கூப்பிட்டதும் எடுத்துக் கொடியில் போட்டோமா... அவ்வளவுதானே! தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் ஒரு தாத்தாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், பேத்தி பிறந்து வீட்டுக்கு வரும்வரை.

மகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பாட்டிக்குப் பத்தியச் சமையலும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும். ரிட்டையர் ஆகி பேப்பரை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்த தாத்தாவுக்குத் துணி டிபார்ட்மெண்ட். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அதை ஆபீஸ் வேலை மாதிரியே பார்த்தார். ஒரு நாளைக்கு இருபது நாப்பியாவது விழும். பாதி, பாட்டி பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்தது. மீதி, மாப்பிள்ளை கடையில் வாங்கிக் கொடுத்தது.

பிரச்சினை போர்வெல் தண்ணீரில் ஆரம்பித்தது. உப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போட்டால் துணி அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். "குழந்தை உடம்பு பூ மாதிரி இருக்கு, துணி இப்படி இருந்தா எப்படி?" என்று கடைக்குப் போய் ஒரு நீலக் கலர் ஃபேப்ரிக் கண்டிஷனர் பாட்டில் வாங்கி வந்தார் தாத்தா. பாட்டிலில் இருந்த சின்ன எழுத்தை யார் படிப்பது? சோப்புத் தூளோடு சேர்த்து ஒரு மூடி ஊற்றிவிட்டார்.

வாசனை வரவில்லை. மறுநாள் இரண்டு மூடி. அப்போதும் வாசனை வரவில்லை, மகளின் கறுப்புச் சுடிதாரில் வெள்ளை வெள்ளையாய்த் திட்டுதான் வந்தது.

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி. (ஓடாதீர்கள், இரண்டே நிமிடம்!) சோப்புத் தூளில் அழுக்கை இழுக்கிற முக்கியப் பொருளுக்கு எதிர்மின்சுமை. கண்டிஷனரில் இருப்பதற்கு நேர்மின்சுமை. இரண்டும் ஒரே தண்ணீரில் சந்தித்தால் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொள்ளும். சோப்பும் அழுக்கை ஒழுங்காக எடுக்காது, கண்டிஷனரும் துணியில் ஒழுங்காகப் படியாது. பிசுபிசுப்பாக ஒரு படிவுதான் மிச்சம். அதனால்தான் கண்டிஷனர் போக வேண்டிய இடம் கடைசி அலசல், சோப்பெல்லாம் போன பிறகு.

எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் மெஷினை எட்டிப் பார்த்து, "தாத்தா, அதுக்குத் தனி இடம் இருக்கு" என்று காட்டினான். டாப் லோடு மெஷினில் தொட்டியின் விளிம்பை ஒட்டி, பூ அடையாளம் போட்ட ஒரு சின்ன ஓட்டை. அதன் வேலை ரொம்ப அழகு. பல மாடல்களில் அதற்குள் மோட்டாரும் கிடையாது, வால்வும் கிடையாது. தொட்டி வேகமாகச் சுற்றும்போது திரவம் ஓர் அறையிலிருந்து வெளிப்பக்கம் வீசப்பட்டு அடுத்த அறைக்குப் போகும். சுற்றல் நின்றதும் கீழே இறங்கும். இப்படிச் சுற்றல் கணக்கை வைத்தே கடைசி அலசல் தண்ணீரில் போய் விழுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடுவே தூண் வைத்த பழைய மெஷின்களில் அந்தத் தூணின் தலையில் ஒரு கிண்ணம் இருக்கும். அதிலும் இதே தத்துவம்தான். நம் வீடுகளில் மறந்துபோன கைக்குட்டையைப் போடுவதற்காக நடுவில் மூடியைத் திறந்து மெஷினை நிறுத்துவோமே, அப்போது இந்தக் கணக்கு தப்பிவிடும். கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் முதலிலேயே வழிந்துவிடும். செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வம்பே இல்லை, கடைசி அலசலில் கையால் ஊற்ற வேண்டியதுதான்.

தாத்தா இடத்தை மாற்றினார். அளவை மாற்றவில்லை. அதே இரண்டு மூடி.

இப்போது வாசனை தெருமுனை வரை வந்தது. நாப்பி பஞ்சு மாதிரி. தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. "தொட்டுப் பாருடி" என்று பாட்டியிடம் பத்து முறை நீட்டியிருப்பார்.

பத்து நாளில் குழந்தைக்குத் தொடையிடுக்கில் சிவந்து தடித்துவிட்டது. ராத்திரி முழுக்க அழுகை. நாப்பி மாற்றி ஐந்து நிமிடத்தில் தொட்டில் புடவை, பாய், மடி எல்லாம் ஈரம். மகள் தூங்கி நான்கு நாளாயிற்று. பால் ஒத்துக்கொள்ளவில்லையோ, கண்பட்டதோ என்று பாட்டி மிளகாய் சுற்றிப் போட்டாள். கடைசியில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, நாப்பியை மோந்து பார்த்தார். "இவ்வளவு வாசனையா? என்னம்மா போடறீங்க இதுக்கு?"

வீட்டுக்கு வந்ததும் பாட்டி ஒரு காரியம் செய்தாள். காய்ந்த நாப்பியை விரித்து ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள். சேப்பங்கிழங்கு இலை மேல் விட்ட மாதிரி அது முத்தாக நின்றது. சற்று நேரம் கழித்துத்தான் மெல்ல இறங்கியது. தாத்தா பார்த்துக்கொண்டே நின்றார்.

விஷயம் இதுதான். கண்டிஷனர் துணியை மென்மையாக்குவதில்லை, துணி மேல் ஒரு கொழுப்புப் படலத்தைப் பூசுகிறது. நூலிழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதால் மெத்தென்று தெரிகிறது. கொடியில் காய்ந்த பருத்தி ஏன் விறைக்கிறது என்பதற்கு ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் 2020ல் ஒரு விளக்கம் வெளியிட்டன. துணி காய்ந்த பிறகும் இழைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் துளித் தண்ணீர் பசை மாதிரி அவற்றைப் பிணைக்கிறதாம். கண்டிஷனர் நடுவில் புகுந்து அந்தப் பிணைப்பைத் தடுக்கிறது. சட்டைக்கு இது நல்லதுதான். ஆனால் தண்ணீரை உறிஞ்சுவதையே வேலையாக வைத்திருக்கும் துண்டுக்கும் நாப்பிக்கும்?

கொசுறாக இன்னொன்று. 1950களில் இருந்து பல வருடம் இந்தக் கண்டிஷனர்களின் முக்கியப் பொருள் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அது சுற்றுச்சூழலில் சீக்கிரம் மட்குவதில்லை என்று 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கைவிட்டு, எளிதில் மட்கும் வகைக்கு மாறினார்கள். அதையும் பாமாயிலில் இருந்தும் செய்யலாம், கொழுப்பில் இருந்தும் செய்யலாம். வெங்காயம்கூடச் சேர்க்காத பாட்டியிடம் இதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

தாத்தா இரண்டு நாள் மெஷின் பக்கமே போகவில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மகளே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்து வந்து, "அப்பா, எனக்கு இந்த எழுத்தெல்லாம் சின்னதா தெரியுது, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்" என்றாள். முப்பது வயதுப் பெண்ணுக்கு எழுத்து தெரியவில்லையாம்! தாத்தா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் நாப்பிக்கு வாளியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், சோப்புத் தூள் பாதி, அலசல் ஒன்று கூடுதல், கண்டிஷனர் அறவே கிடையாது. நான்கைந்து தடவை துவைத்த பிறகு பாட்டியின் ஸ்பூன் தண்ணீர் விட்ட இடத்திலேயே இறங்கியது. அதற்குள் சிவப்பும் அடங்கியிருந்தது. வேட்டி நாப்பிக்கு வெறும் தண்ணீரே போதுமாக இருந்தது. பதினைந்து வருடம் கட்டித் துவைத்த துணிக்குத் தனியாக மென்மை எதற்கு?

பாட்டிலில் மிச்சம் இருந்ததைத் தாத்தா தன் சட்டைகளுக்கு அரை மூடி அரை மூடியாகத் தீர்த்தார். ஐந்தாம் மாதம் மகள் ஊருக்குக் கிளம்பியபோது பாட்டி புதிதாகத் தைத்த ஒரு டஜன் நாப்பியைப் பெட்டியில் வைத்து அனுப்பினாள். அடுத்த வாரம் முழுக்கத் தாத்தா தன் எட்டு முழ வேட்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.