ஆவணக் காப்பகத்தின் எல்லை: அந்தமான் தமிழர் வரலாற்றை முன்வைத்து

ஆவணக் காப்பகம் ஒன்றின் நிலப்பரப்பு யாது என வினவினால், அது சார்ந்த ஆட்சிப்பகுதியின் வரைபடத்தைச் சுட்டுவதே வழக்கம். அவ்வகையில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் ஆவணப் பரப்பு, வட மற்றும் நடு அந்தமான், தென் அந்தமான், நிக்கோபார் என்னும் மூன்று மாவட்டங்களுள் அடங்கும் எனலாம். இவ்விடை போதாது என்பதை என் குடும்பத் தேவை ஒன்று எனக்கு உணர்த்தியது.

என் பாட்டியின் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தண்டனைக் கைதியாகக் கப்பலேற்றப்பட்டவர் என்பர். வீட்டில் அதனைப் பற்றிப் பேசுவதில்லை. 1942க்கு முன்னர்த் தீவுகளில் குடியமர்ந்தோரின் வழியினர் பிற்படுத்தப்பட்டோராக ஏற்கப்பட்டபோது, எதனை மறைத்து வந்தோமோ அதற்கே சான்று தேட வேண்டியதாயிற்று.

1858இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்தின் உள்ளூர்ப் பதிவேடுகளுள் பெரும்பகுதி, 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அழிந்துபட்டது. ஆயினும் கைதி ஒருவரின் வாழ்வு ஓரிடத்தில் மட்டும் எழுதப்படவில்லை. தீர்ப்பு வழங்கியது சென்னை மாகாணம். அதன் நீதித்துறைத் தொகுதிகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குடியேற்றத்தை மேற்பார்வையிட்டது இந்திய அரசின் உள்துறை. அதன் போர்ட் பிளேர்ப் பிரிவு நடவடிக்கைகள் தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இலண்டனுக்குச் சென்ற படிகள் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் பழைய ஆவணங்களைப் பழைய பெயரிலேயே தேடுதல் வேண்டும்.

நிக்கோபாரின் நிலை இன்னும் வியப்புக்குரியது. 1756 முதல் டேனியர் உரிமை கொண்டாடிய அத்தீவுகள் தரங்கம்பாடியிலிருந்து நிர்வகிக்கப்பட்டன. எனவே 1869இல் ஆங்கிலேயர் வசமாகும் முன்னுள்ள வரலாற்றைக் கோபன்ஹேகனிலுள்ள தரங்கம்பாடி ஆவணங்களிலும் தேட வேண்டியுள்ளது. காவிரிக் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றின் ஆவண எல்லை நிக்கோபார் வரை நீண்டிருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

எழும்பூரில் பல நாள்கள் தேடியபின், கைதிப் பட்டியல் ஒன்றில் தந்தை பெயரும் ஊரும் பொருந்திய ஒருவரைக் கண்டேன். ஆங்கில எழுத்தர் எழுதிய பெயரோ, பாட்டி சொன்ன ஒலியிலிருந்து சற்றே விலகியிருந்தது. அவர்தாம் இவர் என்று ஆய்வாளனாக என்னால் உறுதி கூற இயலவில்லை. அப்பக்கத்தின் படியைக் கண்ட என் தந்தையாரோ, சான்றிதழைப் பற்றி ஒன்றும் கேளாமல், குற்றம் என்னவென்று மட்டும் கேட்டார். அக்கட்டம் நிரப்பப்படாமல் இருந்தது.

ஆவணத்தின் நிலப்பரப்பு என்பது மக்கள் வாழ்ந்த நிலமன்று. அவர்களைப் பற்றி எழுதிய அலுவலகங்களின் தடம். இவ்வலுவலகங்களின் தாள்கள் எந்நகரில் உள்ளன எனக் காட்டும் வழிகாட்டி நூலொன்று தமிழில் உருவாதல் வேண்டும். வேர் தேடும் தீவுத் தமிழர் குடும்பங்களுக்குத் தமிழாய்வுலகம் செய்யத்தக்க உதவி இதுவேயாகும்.