தலைகீழாகச் சொல்லு!

மகனின் அலமாரியைத் துடைக்கும்போதுதான் அந்த வெள்ளைப் பவுடர் டப்பா அம்மாவின் கண்ணில் பட்டது. 'கிரியேட்டின்' என்று எழுதியிருந்தது. ஜிம் பக்கமே போகாத பையனுக்கு இது எதற்கு?

''ஞாபக சக்திக்கும்மா. இது கறி, மீன்லதான் இருக்கு. நாமதான் சைவமாச்சே!''

குரூப் 2 தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படிக்கிறான். இரவு இரண்டு மணி வரை அவன் அறையில் விளக்கு எரியும்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. 23 வருடமாகப் போட்ட சாப்பாட்டில் ஏதோ குறை வைத்துவிட்டோமோ?

மறுநாளே குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

''2003-ல சிட்னியில 45 சைவ இளைஞர்களுக்குத் தினம் 5 கிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தாங்க. எண்களைக் கேட்டுத் தலைகீழா திருப்பிச் சொல்றதுல முன்னேற்றம் தெரிஞ்சது. தம்பி அதைத்தான் படிச்சிருப்பார். ஆனா, 2023-ல 123 பேருக்கு அதே அளவு கொடுத்தப்போ, பலன் இருந்தாலும் ரொம்பச் சின்னதுதான்னு தெரிஞ்சது. சைவர்களுக்குன்னு தனி லாபமும் இல்லை. 2024-ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் போதுமான ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு.''

''அப்போ என் சமையல்ல குறை இல்லையே, டாக்டர்?''

''இல்லம்மா. கல்லீரலும் சிறுநீரகமும் தினம் சுமார் ஒரு கிராம் தயாரிக்குது. சைவம் சாப்பிடறவங்களுக்குத் தசையில கொஞ்சம் குறைவா இருக்கும். மூளையில அப்படி வித்தியாசம் தெரியலை'' என்றவர், மகனிடம் திரும்பினார். ''எத்தனை மணி நேரம் தூங்கறீங்க தம்பி?''

''நாலு மணி நேரம்.''

''முதல்ல அதைச் சரிபண்ணுங்க. ரத்தப் பரிசோதனைக்குப் போனா, இந்தப் பவுடர் சாப்பிடறதைச் சொல்லிடுங்க. கிரியேட்டினின் அளவு கூடக் காட்டும். கிட்னியில கோளாறோன்னு வீணா பயப்பட வேண்டியிருக்கும்.''

அன்றிரவு கேஸ் புத்தகத்தைப் பார்த்து அம்மா எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ''தலைகீழா சொல்லுடா!'' ஐந்தாவது எண்ணிலேயே அவன் தடுமாறினான்.

ஒரு வாரம் நன்றாகத் தூங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு எண்களைச் சொல்லிவிட்டான்.

''இதெல்லாம் ஆராய்ச்சி ஆகாதும்மா'' என்று சிரித்தான்.

''ஆகாட்டி போகுது. உன் முகம் தெளிஞ்சிருக்கே!''

டப்பா அலமாரியிலேயேதான் இருக்கிறது. விளக்கு மட்டும் இப்போது பதினொரு மணிக்கே அணைந்துவிடுகிறது.