வவுச்சர் இல்லாத வரவு

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மொய்நோட்டு எழுத வீட்டுக்காரர் உட்காரமாட்டார். கையெழுத்து நன்றாக இருக்கிற வெளியாள் ஒருவரைத்தான் உட்காரவைப்பார்கள். வீட்டுக்காரர் கணக்கில் ஒரு பைசா குறையாமல் எழுதினாலும், ‘அவர் கையாலேயே எழுதினாராமே’ என்று நாலு பேர் பேசிவிடுவார்கள். சொந்த நிறுவனத்தைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் நாமே எழுதுவதும் இந்த மாதிரிக் காரியம்தான்.

நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் 34 வருடம் கணக்கு எழுதியவன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பெரிய முதலாளியின் பேரன் ஒருநாள் போன் செய்தார்.

“அண்ணாச்சி, விக்கிப்பீடியாவுல நம்ம கம்பெனியப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. உங்களை விட்டா பழைய கதையெல்லாம் யாருக்குத் தெரியும்?”

உப்பிட்ட வீடு. முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் எழுத உட்காருமுன் விதிகளைப் படித்துப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை புத்தி அப்படி.

பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அந்தந்தத் துறை அறிஞர்களிடம் கட்டுரை கேட்டு வாங்கி, பதிப்பாசிரியர் குழு சரிபார்த்து அச்சுக்கு அனுப்பியது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். வாசலில் காவலுக்கு ஆள் இல்லாததால், விதிதான் காவல். நடுநிலையாக எழுதவேண்டும், சொல்வதற்குச் சான்று காட்டவேண்டும், அந்தச் சான்றும் நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத இடத்தில் அச்சாகியிருக்கவேண்டும். சம்பளமோ கூலியோ வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பதை 2014-இல் விக்கிமீடியா நிறுவனம் கட்டாயமாக்கியது.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. வவுச்சர் இல்லாமல் நாங்கள் பேரேட்டில் ஒரு வரி ஏற்றமாட்டோம். நாங்கள் எழுதிய கணக்கையும் வெளி ஆடிட்டர் வந்து பார்த்தால்தான் செல்லும்.

கம்பெனியின் பொன்விழா மலரை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். ‘தரத்தில் தலைசிறந்த’ என்பதற்கு வவுச்சர் இல்லை. ‘தொழிலாளர்களைத் தம் பிள்ளைகளாகக் கருதியவர்’ என்பதற்கும் இல்லை. இத்தனைக்கும் அது பொய் இல்லை. ஒரு தொழிலாளியின் மகள் கல்லூரிக்குப் போகப் பெரிய முதலாளி பணம் கட்டினார். பற்று எழுதியவனே நான்தான். ஆனால் என் ஞாபகத்தை ஊரார் எடுத்துச் சரிபார்க்க முடியாதே!

வெளியாள் எழுதினால் நம் கதை கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர் நாடார் சமூகத்தின் வரலாற்றை ஆராய்ந்து 1969-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். 1899 சிவகாசிக் கலவரம் உட்பட எல்லாவற்றையும் ஆவணம் காட்டி எழுதினார். சொந்தக்காரர் எழுதாததாலேயே அந்தப் புத்தகத்தை இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அடுத்ததுதான் சிக்கல். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆலையில் ஒரு விபத்து. மருந்து செலுத்தும் அறை ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஆறு வரிச் செய்தி வந்தது. பொன்விழா மலரில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

“அதை மட்டும் விட்டுருங்க அண்ணாச்சி” என்றார் பேரன்.

“தம்பி, மலர்ல இருக்கிற புகழ்ச்சிக்கு வவுச்சர் கிடையாது. இந்தச் செய்திக்கு இருக்கு. வரவை எழுதிட்டுச் செலவை மறைச்சா அதைக் கணக்குன்னு யாரும் சொல்லமாட்டாங்க” என்றேன். மறுமுனையில் சத்தம் இல்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை நாடே பார்த்தது. ஏறத்தாழ 40 உயிர் போனது. அதற்குப் பிறகு, விபத்தே அறியாத பட்டாசுக் கம்பெனி என்பதுபோல ஒரு கட்டுரை எழுதினால், அதில் இருக்கும் மற்ற உண்மைகளையும் யார் நம்புவார்கள்?

கட்டுரையை நான் எழுதவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவாகக் கலந்துபேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று அழகான பெயர். அங்கே போய், ‘இந்த நிறுவனத்தில் 34 ஆண்டு சம்பளம் வாங்கியவன் நான், ஆகவே நான் எழுதுவது முறையல்ல’ என்று சொல்லி, கிடைத்த பத்திரிகைச் செய்திகளைத் தேதியோடு பட்டியலிட்டேன். விபத்துச் செய்தியையும் சேர்த்துத்தான்.

சில வாரம் கழித்து, என்னை அறியாத ஒருவர் எழுதினார். மொத்தம் ஒன்பது வரி. தொடங்கிய ஆண்டு, இடம், தயாரிப்புகள், வாங்கிய ஏற்றுமதி விருது, விபத்து நடந்த தேதி, இறந்தவர் எண்ணிக்கை. ஒரு அடைமொழி கிடையாது.

“இவ்வளவுதானா அண்ணாச்சி?” என்று கேட்டார் பேரன்.

இவ்வளவுதான். இறந்த நால்வரின் பெயர்களும் எனக்குத் தெரியும். நஷ்டஈட்டு வவுச்சரில் அவர்கள் குடும்பத்தாரிடம் கைநாட்டு வாங்கியவன் நான். அந்தப் பெயர்கள் எந்தப் பத்திரிகையிலும் வராததால் கட்டுரையிலும் இல்லை. ஆனால் ‘நான்கு தொழிலாளர்கள் இறந்தனர்’ என்ற வரி இருக்கிறது. எங்கள் மலர் எதிலும் இல்லாத வரி அது. முப்பது வருடம் கழித்தாவது கணக்கில் ஏறிவிட்டது.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வேலை பார்த்த இடத்தைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகள் பீரோவில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பத்திரிகையின் பெயரையும் தேதியையும் ஓரத்தில் எழுதிவையுங்கள். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, இரண்டையும் வையுங்கள். நமக்குப் பிறகு எழுதப்போகிற வெளியாளுக்கு அதுதான் வவுச்சர்.