தூங்கிக் கிடந்தது

2021 மே மாசம். கொரோனாவில் மூச்சு முட்டிப்போன சித்தப்பாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் சொருகியிருந்தார்கள். பத்தாம் நாள் உதடெல்லாம் கொப்புளம்.

“ஹெர்ப்பிஸ் வைரஸ். புதுசா வந்ததில்ல. எப்பவோ உள்ள பூந்து நரம்புல தூங்கிட்டு இருந்திருக்கும். உடம்பு சாஞ்சதும் எழுந்துக்கிச்சு. நுரையீரலுக்கும் இறங்கலாம்” என்றார் டாக்டரம்மா. மெஷினில் நாள்கணக்காய்க் கிடக்கிறவர்களுக்கு இது அடிக்கடி வருமாம்.

அந்தத் ‘தூங்கிட்டு’தான் என்னை உறுத்தியது. இருபத்தெட்டு வருஷம் நகராட்சிச் சாக்கடை அள்ளிய நெஞ்சில் இன்னும் என்னென்ன தூங்கியதோ? முகத்துக்கு ஒரு துணி கொடுத்ததே கொரோனா வந்த பிறகுதான்.

1918 விஷக்காய்ச்சலிலும் வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கியது. பின்னாலேயே புகுந்த பாக்டீரியாதான் பெரும்பாலோரைக் கொன்றது. பம்பாயில் ஆயிரத்துக்கு வெள்ளைக்காரர் 8.3 பேர் செத்தார்கள். ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என்று கணக்கில் எழுதப்பட்டவர்கள் (அந்தப் பேரை வெள்ளைக்காரனா வச்சான்?) 61.6 பேர். ஊரெல்லாம் ஒரே காய்ச்சல்தான்.

பதினாலாம் நாள் சித்தப்பா போய்விட்டார். சர்டிபிகேட்டில் ‘கோவிட் நிமோனியா’ என்று மட்டும் இருந்தது. வாசித்துக் காட்டினேன். சித்திக்குப் படிக்கத் தெரியாது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது:

“சாக்கடைன்னு எங்கப்பா போட்டிருக்கு இதுல?”